மருந்து கேட்டார்கள், காரணம் கிடைத்தது: பேராதனையில் ஓர் இடர்மிகு ஆய்வின் வரவு செலவு

தோற்றுப் போகலாம் என்று தெரிந்தே ஆய்வுக்குக் காசு கொடுப்பது பல்கலைக்கழக நிர்வாகங்களுக்குச் சுலபத்தில் வருகிற பழக்கமில்லை. இருந்தும் சில இடங்களில் அது நடக்கிறது. நியூயோர்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் 2004 முதல் தன் சொந்த ஆசிரியர்களுக்கென்றே ஒரு போட்டி நடத்திவருகிறது. வெளி நிதியமைப்புகள் "இன்னும் முதிரவில்லை" என்று ஒதுக்கிவிடக்கூடிய யோசனைகளுக்கு ஆண்டுக்கு 80,000 டொலர் வரை, இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுப்பது அதன் வழக்கம். அதே 2004இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளுக்கான 'முன்னோடி' விருதைத் தொடங்கின. "அதிக இடர், அதிக பலன்" என்ற சொற்றொடர் இப்போது நிதியளிப்போரின் அன்றாடப் பேச்சாகிவிட்டது.

நம் பக்கம் இந்தப் பேச்சு எழும்போது உதாரணங்கள் எல்லாம் கடல் கடந்தே வருகின்றன. அமெரிக்காவில் அப்படி, ஜேர்மனியில் இப்படி என்கிறோம். இலங்கை மலையகத்திலேயே ஓர் உதாரணம் தொடக்கமும் முடிவும் தெரியும்படி கிடக்கிறது: 1880இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் தொடங்கிய கோப்பித் துருநோய் ஆய்வு. காசு கொடுத்தவர் யார், என்ன கேட்டார், என்ன கிடைத்தது, எத்தனை காலம் கழித்து யாருக்குப் பயன்பட்டது என்று எல்லாவற்றையும் பின்தொடர்ந்து பார்க்க முடிகிற ஆய்வு அது. மானிய முடிவுகளை அலசுவதற்கு இத்தனை வசதியான கதை வேறெங்கும் கிடைக்குமா தெரியவில்லை. காரணம் எளிது: ஓர் இடர்மிகு ஆய்வின் பலன் வருவதற்குள் அதற்குக் கையொப்பமிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இங்கே 140 வருடம் தாண்டிவிட்டதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பின்னணி: துரு பிடித்த மலை

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி கண்டார்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெய்ற்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு, பூஞ்சை அறிஞர் பெர்க்லியிடம் அனுப்பினார். அதே ஆண்டிலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த வேகத்தில் வேறெதுவும் நடக்கவில்லை.

சில ஆண்டுகளுக்குள் கோப்பி விளையும் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் நோய் பரவியது. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கையில் வருகிற பணம் குறையவில்லை. அதனால் துரைமார் செய்தது புதுக் காடுகளை வெட்டி இன்னும் கோப்பி போட்டதுதான். 1870களின் பிற்பகுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. நோய் வந்து பத்து வருடம் ஆகியும், தோட்டங்கள் சுருங்குவதற்குப் பதில் விரிந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

பூங்காவில் உதவிப் பணிப்பாளராக இருந்த டானியல் மொரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். 1879இல் அவர் ஜமைக்காவுக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடைவெளியில்தான் குடியேற்ற அரசு ஒரு தனிப் பதவியை உருவாக்கியது. கோப்பி நோயை ஆராய்வது மட்டுமே வேலை. இரண்டு ஆண்டுக் காலம். இலண்டனிலுள்ள கியூ பூங்காவின் சிபாரிசில் வந்தவர் ஹாரி மார்ஷல் வார்ட். 1854இல் பிறந்தவர், கேம்பிரிஜில் படித்துவிட்டு, ஜேர்மனியில் அக்காலத்துப் புதிய தாவரவியல் ஆய்வுக்கூட முறைகளைப் பழகியவர். முப்பது வயதாகவில்லை. கோப்பி பயிரிட்ட அனுபவம் துளியும் கிடையாது.

இன்றைய மொழியில் சொன்னால்: அனுபவமற்ற இளம் ஆய்வாளர், ஒரே கேள்வி, வரையறுத்த காலம், தோல்விக்குப் பெரிய சாத்தியம், வென்றால் ஒரு நாட்டின் பொருளாதாரமே தப்பும். இதைவிடத் துல்லியமான "அதிக இடர், அதிக பலன்" மானியம் வேறு வேண்டுமா?

கேட்டது ஒன்று, தேடியது ஒன்று

தோட்டக்காரர்கள் கேட்டது மருந்து. அதில் தப்பில்லை, வீடு பற்றி எரியும்போது தீயின் இரசாயனம் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மருந்து வேண்டும் என்பது ஓர் ஆய்வுக் கேள்வி ஆகாது. நோய் எங்கிருந்து வருகிறது, இலைக்குள் எப்படி நுழைகிறது, எந்த நேரத்தில் அதைத் தடுக்க முடியும் என்பதெல்லாம் அப்போது எவருக்கும் தெரியாது. மண் களைத்துவிட்டது, அதனால் செடி பலவீனப்பட்டுப் பூஞ்சை வந்தது, உரம் போட்டால் போய்விடும் என்று நம்பியவர்கள் நிறைய. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொடி, ஒரு திரவம். கார்பாலிக் அமிலம் கலந்த பொடியைத் தூவினால் தீரும் என்று விற்றவர்களும் இருந்தார்கள்.

வார்ட் மருந்தைத் தள்ளி வைத்துவிட்டு மேற்சொன்ன கேள்விகளை எடுத்துக்கொண்டார். பூஞ்சையின் வித்துத்தூளை நீர்த்துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். ஈரம் கிடைத்தால் அது முளைக்கிறது. முளைக்குழாய் இலையின் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே போகிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து வெளியே மஞ்சள் புள்ளி தெரிகிறது. புள்ளி தெரியும்போது பூஞ்சை உள்ளே வேரூன்றி முடித்திருக்கும். நல்ல ஆரோக்கியமான செடியின் இலையிலேயே வித்துத்தூளை வைத்து நோயை வரவழைத்தும் காட்டினார். மண் களைப்பு என்ற வாதம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. பிசுபிசுப்பான கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் வித்துத்தூள் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தார். பயிர்நோய் ஆராய்ச்சியில் காற்றை இப்படிச் சோதித்த மிக ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. மழைக்காற்று வீசும் பருவத்துக்கும் நோய் எழுவதற்கும் இருந்த தொடர்பு அதில் தெளிவானது. மலைச்சரிவுகளில் இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை மைல்கணக்கில் நட்டதும், காற்றைத் தடுக்கக்கூடிய காட்டு மரங்களை வெட்டி எறிந்ததும் பூஞ்சைக்கு விருந்து வைத்ததற்குச் சமம் என்பதே அவர் வந்து சேர்ந்த இடம்.

மருந்து பற்றியும் அவர் ஒன்று சொன்னார்: பூஞ்சை உள்ளே போன பிறகு எதைத் தெளித்தாலும் வீண்; வித்துத்தூள் முளைப்பதற்கு முன்பே இலையின் மேற்பரப்பில் அதைக் கொல்லும் பொருள் இருக்க வேண்டும். தத்துவம் முழுதாகக் கையில் இருந்தது. பொருள் இல்லை.

1882: கணக்கு முடிக்கப்பட்டது

வார்ட் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். கடைசி அறிக்கை 1881இல் வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் 1882இல் இலண்டனில் அச்சேறின. பதவிக்காலம் முடிந்து அவர் ஊர் திரும்பினார். தோட்டக்காரர்களின் பார்வையில் இது சுத்தமான தோல்வி. காசு கொடுத்தோம், இரண்டு வருடம் காத்திருந்தோம், மருந்து எங்கே? இன்று ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு அதே கோப்பைத் திறந்தாலும் "எதிர்பார்த்த வெளியீடு அடையப்படவில்லை" என்றுதான் எழுதும் என்பது என் ஊகம்.

கோப்பி விழுந்தது. கொழும்பின் பெரிய தோட்டக்கடன்களைச் சுமந்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. சிலர் கொயினா மருந்துக்குப் பட்டை தரும் சிங்கோனா மரத்துக்குத் தாவினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தாவியதில் அதன் விலையும் சரிந்தது. கடைசியில் தேயிலை வந்து மலையை மூடியது.

1885இல் பிரான்ஸில் மில்லார்டே என்பவர் திராட்சைக் கொடியின் பூஞ்சை நோய்க்கு மயில்துத்தமும் (செப்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிவித்தார். இலையின் மேல் படலமாகப் படிந்து, வித்துத்தூள் முளைக்குமுன் கொல்லும் பொருள். வார்ட் தேடிய அதே பொருள். இடைவெளி வெறும் மூன்று, நான்கு ஆண்டுகள்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லாரும் "ஐயோ, கொஞ்சம் பிந்திவிட்டதே" என்று விதியை நொந்துகொள்வார்கள். எனக்கு அந்த நோவு ஒப்பவில்லை. 1885இலும் மலையில் கோப்பி மிச்சம் இருந்தது. ஆனால் பிரெஞ்சுச் செய்தியைப் படித்து, "வார்ட் சொன்னது இதுதானே, ஒரு சரிவில் தெளித்துப் பார்ப்போம்" என்று சொல்ல அந்த வேலைக்கென்று ஒரு ஆள் பேராதனையில் இல்லை. பதவி இரண்டு ஆண்டோடு காலாவதியாகிவிட்டது. பூஞ்சை நோய்களுக்கென்று நிரந்தர ஆய்வாளர் ஒருவர் பூங்காவில் அமர அந்த நூற்றாண்டே முடியவேண்டியிருந்தது. அறிவியல் பிந்தியதைவிட, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கை இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

பலன் எங்கே போய்ச் சேர்ந்தது

வார்ட் 1888இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1895இல் கேம்பிரிஜில் தாவரவியல் பேராசிரியர். அவருடைய இலங்கை வேலை வெப்பமண்டலப் பயிர்நோயியலின் அடித்தளங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. செப்பு கலந்த தெளிப்புகள் ஆபிரிக்காவிலும், 1970இல் துருநோய் பிரேசிலை எட்டிய பிறகு தென்னமெரிக்காவிலும் கோப்பியைக் காப்பாற்றப் பயன்பட்டன. தென்னமெரிக்கக் கோப்பி விவசாயிக்குப் பேராதனை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் காசு கொடுத்தது இந்த மலை.

மலைக்கும் ஒரு பங்கு திரும்பியது, வேறு பெயரில். 1946இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தது. ஈரமும் மூடுபனியும் உள்ள உயர்நிலத் தோட்டங்களில் இளங்கொழுந்தையே தின்னும் பூஞ்சை அது. அப்போது கைகொடுத்தவை செப்புத் தெளிப்புகள். கொழுந்தின் மேற்பரப்பை முன்கூட்டியே காக்க வேண்டும் என்ற தத்துவம் வார்ட் எழுதியதுதான். அதாவது, 1880இல் போட்ட காசின் பலன் அதே மலைக்கு வரச் சுமார் அறுபத்தைந்து வருடம் ஆயிற்று. கோப்பிக்கு வராமல் தேயிலைக்கு வந்தது. எந்த மானியப் படிவத்தில் இதற்கு ஒரு பெட்டி இருக்கிறது?

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்புக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஒரே பயிரை இடைவிடாமல் நடாதீர்கள் என்றார். கோப்பி போன இடத்தில் தேயிலையை அதே மாதிரி, இன்னும் நெருக்கமாக நட்டார்கள். இடர்மிகு ஆய்வில் இதுவும் ஒரு இடர்தான்: பதில் சரியாகவே கிடைக்கும், காசு கொடுத்தவருக்குப் பிடிக்காது.

ஒப்பீட்டுக்கு ஒரு குட்டிக் கதை: தலவாக்கலைக் குளவி

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதியின் மீது விதித்த ஒரு சிறு வரியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. அதனால் எந்தத் துரைக்கும் இரண்டு வருடத்தில் கணக்கு மூடும் அதிகாரம் இல்லை. முதல் பணிப்பாளர் டொம் பெட்ச், பேராதனையில் பல வருடம் பூஞ்சைகளை ஆராய்ந்தவர். தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிறுவனம் நிலைகொண்டது.

அங்கே 1935–36இல் ஒரு துணிச்சலான காரியம் நடந்தது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவுக்கு எதிராக, ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் என்று பெயர். புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும். மலைக்குளிரில் பிழைக்குமா, பரவுமா, எதுவும் நிச்சயமில்லை. விட்டபின் திருப்பி எடுக்கவும் முடியாது. குளவி பிழைத்தது, பரவியது, புழு அடங்கியது. உயிரியல் கட்டுப்பாட்டின் நல்ல வெற்றிகளில் ஒன்றாகப் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன.

கதை அங்கே முடியவில்லை. பின்னால் தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தபோது, வண்டோடு குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி பெருகியது. ஏன் பெருகியது என்று கண்டுகொள்ள அங்கே ஆட்கள் இருந்தார்கள், பழைய பதிவுகள் இருந்தன. வார்டின் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புத்திசாலித்தனத்தில் இல்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒப்பந்தம் இருந்தது, மற்றதற்குப் பின்னால் நிறுவனம் இருந்தது.

இடரை யார் சுமந்தார்கள்

நிதியளிப்போரின் ஆவணங்களில் 'இடர்' என்றால் ஆய்வு தோற்பது, பணம் வீணாவது, ஆய்வாளரின் பெயர் கெடுவது. வார்டுக்கு ஒன்றும் கெடவில்லை. காசு கொடுத்த அரசுக்கும் அந்தச் சம்பளம் பெரிய தொகை இல்லை. கோப்பி விழுந்தபோது உண்மையில் விழுந்தவர்கள் வேறு.

தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக, மாத்தளைப் பாதையில் நடந்து கோப்பிக் காலத்துக்கு வந்து போன எங்கள் முன்னோருக்கு, தோட்டம் முறிந்தால் கூலி பாக்கி நின்றது. வங்கிக்கு அடைமானம், துரைக்குக் கப்பல், ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன் மட்டும் தொழிலாளியின் தலையில். தேயிலை வந்ததும் பருவத்துக்கு வந்து போகிற வாழ்க்கையும் மாறியது. ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதால் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கின. ஒரு பூஞ்சையும், அதற்குப் பதில் கிடைக்காத இரண்டு ஆண்டுகளும் ஒரு சமூகத்தின் முகவரியையே மாற்றிவிட்டன என்றால் மிகையில்லை. மருந்து கிடைத்திருந்தால் எல்லாம் நல்லதாகியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கோப்பித் தோட்டமும் சொர்க்கம் கிடையாது. அந்தச் சோதனையின் முடிவில் அதிகம் பணயம் வைத்திருந்தவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இது பழங்கதை மட்டும் என்று தள்ள முடியாமல் 2021 வந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. முன்சோதனை இல்லை, ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டு நிலம் இல்லை, நிறுத்தும் நிபந்தனை இல்லை. நாடு முழுவதும் ஒரே பரிசோதனைத் திடல். நவம்பரில் கைவிட்டார்கள். 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25.1 கோடி கிலோவாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் அதில் சேர்ந்திருந்தன, உண்மைதான். ஆனால் கொழுந்து குறைந்த நாட்களில் நிறை போடும் இடத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பகுப்பாய்வு எதற்கு? அறிவியல் இடர் எடுப்பதற்கும் இடரைப் பிறர் தலையில் இறக்குவதற்கும் நடுவே ஒரு கோடு உண்டு. பல்கலைக்கழகங்கள் சிறிய அளவில், வரையறுத்த காசில், தோற்றால் நிறுத்தக்கூடிய விதத்தில் துணிந்து பார்க்க வேண்டியதன் முதல் காரணமே இதுதான். இரண்டு ஏக்கரில் தோற்க ஒருவருக்கும் அனுமதி கொடுக்காத நாடு, கடைசியில் எல்லா ஏக்கரிலும் சேர்த்துத் தோற்கிறது.

இன்றைய படிவத்தில் வைத்துப் பார்த்தால்

இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதம் அளவில்தான் நெடுங்காலமாக நிற்கிறது. இந்தக் கஞ்சியில் இடர்மிகு ஆய்வுக்கென்று தனியாக ஒரு அகப்பை எடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் பதில், சிறிதாக எடுங்கள், ஆனால் உண்மையாகவே எடுங்கள். பல இடங்களில் பெயர்தான் இடர்மிகு நிதி. படிவத்தைப் புரட்டினால் முதற்கட்ட முடிவுகளைக் கேட்கும், எத்தனை கட்டுரை எந்த மாதம் என்று கேட்கும். முதற்கட்ட முடிவு கையில் இருந்தால் அது பாதி முடிந்த வேலை. அதற்கு வழக்கமான மானியமே போதும்.

காலம் பற்றி ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் காசில் வேலை செய்யும் ஆய்வாளர்களையும், வழக்கமான அரச மானியத்தில் வேலை செய்யும் அவர்களை ஒத்த ஆய்வாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2011இல் வந்தது. முதல் வகைக்கு நீண்ட காலம், ஆரம்பத் தோல்விக்குப் பொறுமை. அவர்கள் பெரிய தாக்கமுள்ள கட்டுரைகளை அதிகம் தந்தார்கள். யாரும் கண்டுகொள்ளாத கட்டுரைகளையும் அதிகம் தந்தார்கள். இரண்டும் சேர்ந்தே வரும். தோல்வி கூடவில்லை என்று ஒரு பல்கலைக்கழகம் பெருமைப்பட்டால், அதன் இடர்மிகு நிதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மலையகத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்பது உண்மையில் இரண்டு ஆண்டும் இல்லை. காசு விடுவிக்கும் நாள், விலைமனு கோரும் நாட்கள், இறக்குமதி செய்யும் இரசாயனப் பொருள் சுங்கத்தில் கிடக்கும் நாட்கள் எல்லாம் போனால் ஆய்வுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இன்னொன்று நாணயம். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஆனது. ரூபாயில் ஒப்புக்கொண்ட மானியத்தில் வெளிநாட்டுப் பொருள் வாங்க வேண்டியவர்கள் ஒரே காலாண்டில் கிட்டத்தட்டப் பாதியை இழந்தார்கள். அந்த இடரில் அறிவியல் எதுவும் இல்லை, அதனால் எந்தப் பலனும் இல்லை. நிதியின் விதிகளில் "மேலதிகப் பணமின்றிக் கால நீடிப்பு" தானாகக் கிடைக்கும்படி இருந்தால், ஆய்வாளர் குறைந்தது மன்னிப்புக் கடிதம் எழுதும் நேரத்தையாவது மிச்சம் பிடிக்கலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் நான் குலுக்கலின் பக்கம். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013 முதல் ஒரு மானிய வகையில் இப்படிச் செய்கிறது. யோசனை புதியதா, செய்யக்கூடியதா என்று மட்டும் பார்த்துத் தகுதியானவற்றைப் பிரிக்கிறார்கள். அப்புறம் சீட்டுக் குலுக்கல். ஜேர்மனியின் ஃபோல்க்ஸ்வாகன் நிதியமும் 2017 முதல் தன் துணிச்சலான யோசனைகளுக்கான திட்டத்தில் ஒரு பகுதியைக் குலுக்கலுக்கு விட்டது. பெரிய நாடுகளில் இதற்குச் சொல்லும் காரணம் பக்கச்சார்பு. நம்மிடம் அதைவிட எளிய காரணம் இருக்கிறது: பெயரை மறைத்து மதிப்பீடு செய்வது இங்கே நடக்காத காரியம். முதல் பத்தியைப் படித்ததுமே இது யாருடைய முன்மொழிவு, அவர் யாரோடு பேசமாட்டார், போன மூதவைக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். தகுதி பார்த்தபின் சீட்டு எடுப்பது மதிப்பீட்டாளருக்கும் நிம்மதி.

வார்ட் கதையிலிருந்து எடுக்க வேண்டிய பெரிய திருத்தம், கைமாற்றம். 2022க்குப் பிறகு விரிவுரையாளர்கள் வெளிநாடு போவது அதிகரித்திருக்கிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருவர் போகும்போது குளிர்பெட்டியில் உள்ள பூஞ்சை மாதிரிகள், கள நோட்டுப் புத்தகங்கள், தோற்றுப்போன சோதனைகளின் பதிவுகள் என்ன ஆகின்றன? தோல்வியை யாரும் பிரசுரிப்பதில்லை என்பதால் அது அந்த ஒருவரின் கணினியோடு போய்விடுகிறது. பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பில் துவெய்ற்ஸ் காலத்து மாதிரிகள் இன்றும் இருக்கின்றன. காய்ந்த இலையைப் பேணத் தெரிந்த ஊருக்குத் தோற்ற ஆய்வின் தரவைப் பேணுவது முடியாததல்ல. மானியத்தின் கடைசித் தவணையை இதோடு கட்டிவிடலாம்: தரவும் மாதிரியும் பெயர் குறித்த ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான கையொப்பம் வந்தபின் பணம். வெற்றி தோல்வி பற்றிய வாக்கியம் அந்தத் தாளில் வேண்டியதில்லை.

கடைசியாகக் களம். நம் விவசாய ஆய்வுகள் பலவும் ஏதோ ஒரு கட்டத்தில் தோட்டத்துக்குள் போகின்றன. தோட்டத்தில் பேர் விழுவது என்றால் அன்றைய முழு நாட்கூலி பதிவாவது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஒரு புதிய தெளிப்பையோ, உரமில்லாத நிலத்தையோ சோதிக்கும் மலையில் கொழுந்து குறைந்தால், அங்கே அன்று நிரைக்கு விடப்பட்ட பெண்ணுக்கு அரைப்பேர்தான் விழும். ஆய்வாளருக்கு அது ஒரு தரவுப்புள்ளி. பாதீட்டில் நுண்ணோக்கிக்கு ஒரு வரி, பயணத்துக்கு ஒரு வரி இருப்பதுபோல், சோதனை நிலத்தில் பறிப்பவருக்கு நிறை என்னவானாலும் முழுப்பேர் என்று ஒரு வரி வேண்டும். தொகை மிகச் சிறியது. ஆனால் அதை எந்தச் செலவுத் தலைப்பில் போடுவது, தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுப்பதா தொழிலாளிக்கு நேரே கொடுப்பதா, கணக்காய்வுக்கு என்ன பற்றுச்சீட்டுக் காட்டுவது என்பதை நிதிப் பிரிவு மானியம் அறிவிப்பதற்கு முன்பே தீர்த்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே அந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள்.